எண்ணெய் இறக்கும் மாத்திரை

1

பெட்டியைத் திறந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

என் அக்கா கஸ்தூரி. பெட்டிக்கு நேர் எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் தேசிங்கு மாமா. நாற்காலியில். எதுவும் வேண்டாதவர் போல டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டு டெய்லர் பாக்கியம். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே வந்துவிட்டாள்.

ஆரோக்கியம். உப்பளத்தில் என்னோடு உப்பு வாரியவன். இன்னும் வாருகிறான். வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வா என்றால் காலெல்லாம் சேறு என்பான்.

என் மகள் அனுஷா. போனில் படம் எடுத்தாள்.

நான். எனக்குத் தரையில் உட்கார முடியாது. கட்டிலில் உட்கார்ந்து மேலிருந்து பார்த்தேன்.

நம் பக்கத்தில் வெளிநாட்டுப் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. துணியைத் தவிர உள்ளே இருப்பதெல்லாம் ஊருக்கு. சோப்பு, சாக்லேட், சென்ட்டு, தைலம். தலைவலி மாத்திரைகூட. யாருக்கு எது என்று கொண்டுவந்தவன் சொல்லக்கூடாது. வீட்டில் மூத்த பெண் பிரித்துக் கொடுப்பாள். எங்கள் வீட்டில் அது அக்கா. இதெல்லாம் தெரிந்தும் என் மாத்திரையை அதே பெட்டியில் வைத்தேன். அட்டை டப்பாக்கள் இடத்தை அடைத்தன. அவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு, மாத்திரைப் பட்டைகளை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கியிருந்தேன்.

அக்கா டின்னைத் திறந்தாள். நீல நிறக் கூடு மாத்திரைகள்.

"இன்னாடா தம்பி இது?"

"உடம்பு எளைக்கிறதுக்கு. டாக்டர் குடுத்தது," என்றேன்.

மூடி ஓரமாக வைத்தாள். ராத்திரி முழுக்க விமானத்தில் விழித்திருந்தேன். அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டேன்.

2

பாரீசுக்கு வடக்கே, டிராம் போகிற ஓர் ஊரில் இருக்கிறேன். வந்து இருபத்து மூன்று வருஷம். என் மனைவி லலிதா புதுச்சேரிக்காரி. அவள் அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன்.

குளிர் காலத்தில் காலை எட்டு மணிக்கும் இருட்டு. கழுவும் மெஷினைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். மூக்குக்கண்ணாடி மங்கும். கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது, வெள்ளையாக இருக்கும். எங்கே நிற்கிறேன் என்று எனக்கே சந்தேகம் வரும். சித்திரை மாதத்துப் பகலில் மரக்காணம் உப்பளம் அப்படித்தான். மேலே வெள்ளை, கீழே வெள்ளை. காலில் எரிச்சல் இருப்பதால்தான் நடுவில் ஓர் ஆள் இருப்பது தெரியும். பிறகு கண்ணாடி தெளியும். எதிரே அண்டா இருக்கும்.

இல்லத்தில் சாப்பாடு மிஞ்சினால் கொட்டவேண்டும். அது சட்டம். வெண்ணெய் போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி உருக்கி ஊற்றிய மாக்கரோனி. வயசானவர்கள் இரண்டு ஸ்பூன் தின்றுவிட்டுத் தள்ளி வைப்பார்கள். மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தி எல்லாம் தண்ணீர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கள் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரியும். அப்படி வளர்ந்த கைக்குக் கொட்ட வரவில்லை. நின்றபடியே தின்றேன். வருஷக்கணக்காகத் தின்றேன்.

நூற்றுப் பதினொரு கிலோ ஆனேன். இடது முட்டி தேய்ந்துவிட்டது. முட்டி மாற்றும் டாக்டர் படத்தைப் பார்த்தார். மாற்றலாம், ஆனால் நூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார். வேலை இடத்து டாக்டர் வேறொன்று சொன்னார். முட்டி இப்படியே இருந்தால் நின்று செய்யும் வேலைக்கு நான் தகுதியில்லை என்று எழுதவேண்டி வருமாம். பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் எனக்குத் தெரியாது.

நூறுக்குக் கீழே. அவ்வளவுதான் விஷயம்.

3

டாக்டரிடம் போகும்போதெல்லாம் அனுஷா கூட வருவாள். இருபது வயது, காலேஜ் படிக்கிறாள். டாக்டர் சொல்வதை மட்டும் எனக்காகத் தமிழில் மாற்றுவாள். மற்றபடி நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். சின்னப் பிள்ளையில் அப்படி இல்லை. எப்போது மாறினாள் என்று தெரியாது. நான் வேலையில் இருந்த ஏதோ ஒரு மத்தியானம் நடந்திருக்கவேண்டும்.

மாத்திரை எழுதிக்கொடுத்தது ஒரு டாக்டரம்மா. நிறையப் பேசினார். அனுஷாவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இன்னா சொல்றாங்க?"

"சாப்பாட்டுல இருக்கிற கொழுப்பு, எண்ணெய் எல்லாம் உடம்புல சேராதாம்பா. மூணுல ஒரு பங்கு அப்படியே வெளிய வந்துருமாம்."

"எப்படி வெளிய?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"லீக் ஆகும்பா."

"எங்க?"

"பின்னாடி."

யோசித்தேன். "வண்டி மாதிரியா?"

"ஆமா. வண்டி மாதிரி," என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மற்றதையும் சொன்னாள். எண்ணெயைக் குறைத்தால் ஒன்றும் ஆகாது. எண்ணெய் அதிகமானால் மாத்திரை சும்மா விடாது. எண்ணெயே இல்லாத சாப்பாட்டுக்கு மாத்திரை தேவையில்லை. படுக்கும்போது ஒரு வைட்டமின்.  பஸ் நிறுத்தத்தில் அவள் திடீரென்று சிரித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டாள்.

மருந்துக்கடையில் என் காப்பீட்டு அட்டையைச் சொருகிப் பார்த்துவிட்டு, இந்த மருந்துக்கு இது செல்லாது என்றார்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டால் மெஷின் பேசியது. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து. கடைசியில் கைக்காசு போட்டு வாங்கினேன். என் பெயரில் எது குடும்பப் பெயர் என்று இன்னும் கேட்கிறார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதிவிட்டார்கள். அப்பா இரிசன். உப்பளத்திலேயே மயங்கி விழுந்து போனவர். மருந்துக்கடைப் பெண் "திருவாளர் இரிசன்" என்று கூப்பிடும்போது நான் உடனே எழுவதில்லை. அவர் வந்திருக்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுவேன்.

4

முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லலிதா எறா வறுத்தாள். திங்கட்கிழமை டிராமில் எழுந்தபோது சீட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். கையில் இருந்த பேப்பரை அதன்மேல் விரித்துவிட்டு இறங்கினேன். மீதி வழியை நடந்தே போனேன்.  அடுத்த நாள் லலிதா எனக்குக் கறுப்பு பேண்ட் வாங்கி வந்தாள். அதற்கப்புறம் எறாவைக் குழம்பில்தான் போட்டாள்.

கழிப்பறைத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். படகு நிற்கும் இடத்தில் டீசல் மிதக்குமே, அந்த நிறங்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இத்தனை வருஷம் எனக்குள் போய்த் தங்கியது இதுதானா என்று தோன்றும். வருத்தம் இல்லை. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

இளைக்க இளைக்கத் தூக்கம் லேசானது. கனவு வந்தது. உப்பளத்து வரப்பில் நடக்கிறேன். ஈர வரப்பு, கால் புதையவேண்டும். புதையவில்லை. பாத்தித் தண்ணீர் முழுக்க வானம். தூரத்தில் டிராம் வருகிறது. தண்டவாளம் கிடையாது. பாத்திகளுக்கு நடுவே சத்தமில்லாமல் வந்து என் பக்கத்தில் நிற்கிறது. கதவு திறக்கிறது. உள்ளே இல்லத்துப் பெரியவர்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் இறங்கவில்லை. நானும் ஏறவில்லை. கதவு மூடி, டிராம் போகிறது. தண்ணீர் அசையவில்லை.

பல நாள் இதே கனவு வந்தது. பயமாக இருக்காது. எழுந்ததும் முட்டி வலிக்கும். அப்போதுதான் எந்த ஊர் என்று தெரியும்.

நூற்று மூன்றுக்கு வந்தேன். அக்கா பேத்திக்குக் காது குத்து என்று போன் வந்தது. லலிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அனுஷா வருகிறேன் என்றாள். ஊரிலிருந்து திரும்பின வாரமே எடை பார்க்க நாள் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு நூறுக்கு மேல் இருந்தால் ஆபரேஷன் வரிசையில் என் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். மறுபடி வரிசையில் கடைசியில் நிற்கவேண்டும். வேலை இடத்து டாக்டர் அதுவரை பொறுக்கமாட்டார்.

5

வியாழக்கிழமை பெட்டி திறந்தோம். ஞாயிற்றுக்கிழமை காது குத்து.

வெள்ளியும் சனியும் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை. பூரி, வடை, வஞ்சிரம் வறுவல். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டுக் குடல். அக்காவிடம் போதும் என்ற சொல் செல்லாது. கையை இலைக்கு மேல் நீட்டி மறைத்தால் கைமேலேயே ஊற்றுவாள். "பிரான்சுல பட்டினி போட்டு அனுப்பிகிறாங்க" என்று பாக்கியத்திடம் சொல்லிக்கொண்டே ஊற்றினாள். சட்டைப் பையில் ஒரு பட்டை வைத்திருந்தேன். அதிலிருந்து போட்டுக்கொண்டேன். எனக்கு நடக்கவேண்டியது நடந்தது. கறுப்பு பேண்ட் இருந்தது. டின்னை நான் திறந்து பார்க்கவே இல்லை.

ஞாயிறு பகல் பந்தலில் நல்ல கூட்டம். மாமா புது வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிரம்மதேசத்திலிருந்து அவர் தங்கை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். கும்பிட எழுந்தார். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

வேட்டியில் ஆரஞ்சு வட்டம்.

அந்த நிறத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். எழுந்து போய் அவர் முதுகோடு ஒட்டி நின்றேன். அவர் நடந்தார், நானும் நடந்தேன். அவர் திரும்பினார், நானும் திரும்பினேன். முட்டி தாங்கவில்லை. பிரான்சு மச்சான் மாமாவை விட்டு இம்மியும் நகரமாட்டேன் என்கிறான் என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள்.

"இன்னா மச்சான், நெழலு கணக்கா பின்னாலியே வர்ற?" என்றார் மாமா.

நீல மாத்திரை சாப்பிட்டீங்களா என்று காதில் கேட்டேன்.

"ஆமா. வியாழக்கெழமலேருந்து. உங்க அக்காதான் குடுத்தா. எவ்ளோ கறி துன்னாலும் ஒடம்புல ஒட்டாதுன்னா. அந்தத் தகிரியத்துலதான் துன்னுகினு இருக்கேன்."

என் துண்டை அவர் இடுப்பில் சுற்றி உள்ளே கூட்டிப் போனேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பாக்கியம். தட்டினால், இப்ப வரமாட்டேன் என்றாள். ஆரோக்கியத்தைக் காணோம். சாப்பிட்ட இலையை மூடாமலே வேலிக்காத்தான் பக்கம் ஓடினான் என்றார்கள். அவன் ஐம்பது கிலோ இருப்பான். அவனுக்கு எதற்கு இளைக்கிற மாத்திரை? பிரான்சு மாத்திரை இடுப்பு வலிக்கும் கேட்கும் என்று தின்றானாம்.

டின்னைத் திறந்தேன். ஒரே ஒரு பட்டை இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா கொடுத்திருக்கிறாள். பொம்மையார்பாளையத்துச் சம்பந்திக்கும் ஒரு பட்டை போயிருக்கிறது. அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஏன் தாமதம் என்று யாரும் போன் போட்டுக் கேட்கவில்லை.

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"எளைக்கத்தானே குடுத்தாங்க? ஊத்துறதுக்கா?"

அனுஷாதான் எல்லாரையும் உள் அறையில் உட்காரவைத்தாள். கதவைச் சாத்தினாள். நின்றுகொண்டு பேசினாள். தமிழில். மாத்திரை கொழுப்பைத் தடுக்கும், தடுத்ததை வெளியே தள்ளும், ஒரு நாள் ரெண்டு நாள் கழித்துத்தான் தெரியும், நிறுத்திவிட்டால் நின்றுவிடும். அடுத்தவர்களுக்குக் கொடுத்த மருந்தைச் சாப்பிடவே கூடாது. மாமா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், அவர் நாளைக்கே தன் டாக்டரிடம் போய்ச் சொல்லவேண்டும். அவள் தமிழுக்குச் சிரித்தார்கள். ஆனாலும் கேட்டார்கள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். கையால் காட்டியதும் இன்னும் சிரித்தார்கள்.

"துணில பட்டா போவுமாம்மா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"சுடுதண்ணில சோப்பு போட்டு ஊறவெச்சா போயிடும் அத்தை. எங்க அம்மா அப்டித்தான் செய்வாங்க."

லலிதா என் துணியை ஊறவைப்பதை இவள் எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரங்களில் அவள் அறைக் கதவு மூடித்தான் இருக்கும்.

மாமா பழைய கைலி கட்டிக்கொண்டு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே மைக்கில் யாரோ பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏம்பா மச்சான். இத்த வெச்சிகினுதான் டெய்லி வேலைக்குப் போறியா?"

"ஆமா மாமா."

"நின்னுகினேவா?"

"நின்னுகினேதான்."

 மாமா அக்காவைக் கூப்பிட்டார்.

"கஸ்தூரி. இனிமே அவன் கேக்காம அவன் எலையில ஒண்ணும் வெக்காத."

அந்த வீட்டில் அப்படி ஒரு சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.  அக்காவின் கரண்டி கையிலேயே இருந்தது.

6

ஊரிலிருந்து கிளம்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு பட்டை போதாது. புதுச்சேரியில் அதே மருந்து வேறு பெயரில் கிடைக்குமாம். அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து முதலிலிருந்து சொல்லவேண்டும். போகலாம்பா என்றாள் அனுஷா. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் இல்லாத சாப்பாட்டுக்கு மாத்திரை வேண்டாமா என்று அனுஷாவிடம் கேட்டாள். வேண்டாம் என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து எண்ணெய் டின் பாக்கியம் வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள். மீனைப் புளித்தண்ணீரில் வேகவைத்தாள். வெறும் சட்டியில் கடுகு போட்டுப் பார்த்தாள். அது வெடித்து மாமா மேல் விழுந்தது. எனக்காக வீடு முழுக்க அதையே தின்றார்கள். நான் சாப்பிடும்போது அக்கா கரண்டியோடு பக்கத்தில் நிற்பாள். கேட்டால் போடுவாள். கேட்காவிட்டால் நிற்பாள். போடாமல் நிற்பது அவளுக்குப் பெரிய வேலை. சில நாள் பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். எனக்குப் பசி இருந்தது. நானும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், அவளுக்காக, இன்னொரு கரண்டி கூழ் கேட்டேன். ஓடி வந்து ஊற்றினாள்.

கூழ் வயிற்றோடு விடியற்காலையில் உப்பளத்துக்குப் போவேன். பைக்கில் கொண்டுபோய் விடுவது ஆரோக்கியம். காற்று இல்லாத நேரம். பாத்திகள் அசையாது. உப்பு இன்னும் முழுசாகப் பூக்கவில்லை. தண்ணீர்மேல் மெல்லிய ஏடு போல் நிற்கும். தொட்டால் உடைந்து கீழே போகும். பசியில் பார்த்தால் எல்லாம் தள்ளித் தள்ளித் தெரிந்தது. உப்பு அம்பாரம் தரையில் இல்லாமல் கொஞ்சம் மேலே நின்றது. உப்புக் கூடையோடு வரப்பில் போன பெண்கள் நடக்கிறார்களா, நின்ற இடத்திலேயே அசைகிறார்களா என்று தெரியவில்லை. பறவைகள் கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வந்தன. சத்தம் பிறகுதான் வந்தது. பாரீஸ் என்று ஓர் ஊர் இருப்பதை நான் யாரிடமோ கேள்விப்பட்டது போல இருந்தது.

ஆரோக்கியம் மரப்பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே கேட்டான்.

"நான் அம்பது. நீ நூறு. ரெண்டு பேரும் ஒரே பாத்தில நின்னவனுங்க. இன்னாடா கணக்கு இது?"

"தெரியலடா."

"எங்கிட்ட கொஞ்சம் குடுத்துட்டுப் போயேன். எடம் கெடக்குது."

சொல்லிவிட்டு, தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். வயிறு என்று எதுவும் அங்கே இல்லை. அவன் சிரித்தான். நான் அவனுக்கு இருபத்து மூன்று வருஷமாகச் சாக்லேட் கொண்டுவந்திருக்கிறேன்.

கிளம்பும் நாள் அக்கா பெட்டியில் கருவாடு வைத்தாள். முறுக்கு வைக்கவில்லை. என்னைப் பார்த்து, "இன்னாடா ஆளு பாதியாப் பூட்ட," என்றாள். திட்டுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.

7

ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பவர் ஒரு சின்னப் பையன். நர்ஸ். என் பெயரை ஸ்கிரீனில் தேடினான். அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எழுந்தேன்.

செருப்பைக் கழற்றச் சொன்னான். ஸ்வெட்டரை, பெல்ட்டைக் கழற்றினேன். அனுஷா எல்லாவற்றையும் மடியில் வாங்கிக்கொண்டாள். விமானத்தில் வரும்போது அவள் என் அக்காவோடு எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை. பேசியதைத் தமிழில் பேசினாள்.

மெஷின்மேல் ஏறி நின்றேன். எண் அவன் பக்கத்து ஸ்கிரீனில்தான் விழும். எனக்குத் தெரியாது. மாத்திரை இல்லாமல் போன நாட்களை நினைத்தேன். பூரியை நினைத்தேன். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மழை.

அவன் எண்ணைப் படித்தான். டைப் அடித்தான். பிரெஞ்சில் எழுபதுக்கு மேல் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்வார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு அது சட்டென்று பிடிபடாது. அவன் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

அனுஷாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். தமிழ்ச் சொல்லைத் தேடுகிறாள்.

"எண்பது," என்றாள்.

அது இருக்க முடியாது. காத்திருந்தேன். என் பெல்ட்டைப் பிடித்திருந்த கையில் விரல் மடக்கிப் பார்த்தாள்.

"அதோட பதினெட்டு."

கூட்டினேன்.

தொண்ணூற்றெட்டு.